பிஸ்கட் டப்பாவில் பதினோரு துண்டுச் சீட்டுகள்

அத்தியாயம் பன்னிரண்டு

போன வாரம் சின்ன டீச்சரை எங்கே விட்டோம்? கையில் ஒரு கடிதத்தோடு, தன் பள்ளிக்கூட வாசலில், வாயடைத்து நிற்க விட்டோம். அவள் தலைமையாசிரியையாக இருக்கும் அரசுப் பள்ளியைப் 'பின்தங்கிய பள்ளி' என்று அந்தக் கடிதம் சொன்னது. அதை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பார்களாம். பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அக்கா. ஊரே 'பெரிய டீச்சர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அக்கா.

அதற்குப் பிறகு ஆறு நாள் ஓடிவிட்டது. சின்ன டீச்சர் சமைத்தாள், துவைத்தாள், பாடம் நடத்தினாள். குழப்பம் மட்டும் வாசலில் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் பள்ளியில் கருத்துக் கேட்புக் கூட்டம். காலையில் டீ ஆறிப்போனது தெரியாமல் மூன்று தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க. முதல் சுற்றறிக்கையில 'மூடப்படும்'னு போட்டிருக்கு. ரெண்டாவதுல 'இணைக்கப்படும்'னு இருக்கு. மூணாவதுல 'மேம்படுத்தப்படும்'னு இருக்கு. இதுல நான் எதை நம்பறது?"

அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். இதையும் அப்படித்தான் பார்த்தார்.

"மூணுலயும் கீழ ஒரே ஆள்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அதனால?"

"அவருக்கே தெரியலைன்னு அர்த்தம். எங்க கடைக்கும் இப்படி ஆளுங்க வருவாங்க. இந்தக் கண்ணாடியில நல்லா தெரியுதா, அதுல நல்லா தெரியுதான்னு கேட்டா, 'ரெண்டும் ஒண்ணுதான், ஆனா எதுலயும் தெரியலை'ம்பாங்க."

சிரிப்பதா, தாளைச் சுருட்டி அவர் மேல் எறிவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் விடுகிற ஆளும் இல்லை.

"நான் ஒண்ணு சொல்லவா? உங்க அக்கா தள்ளிவிட்ட அந்தப் பதினோரு பிள்ளைங்க இல்லைன்னா உன் பள்ளிக்கூடத்துக்கு இந்தக் கதியே வந்திருக்காது."

"பிள்ளைங்களைக் குறை சொல்லாதீங்க."

"பிள்ளைங்களை நான் ஏன் சொல்றேன்? அனுப்பினவங்களைச் சொல்றேன்."

 அந்தப் பதினோரு பேரின் கதை அப்படி. மூன்றாம் வகுப்பில் தேர்வு எழுதப் போகிற நேரத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்க வராத பிள்ளைகளை அக்கா ஒவ்வொருவராகத் தங்கையிடம் அனுப்பிவைத்தாள். மாற்றுச் சான்றிதழ் கிடையாது. அதை நிறைய எழுதினால் மேலே இருப்பவர்கள் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். அதனால் அக்கா தன் பதிவேட்டில் 'குடிபெயர்ந்தனர்' என்று எழுதினாள். தங்கை தன் பதிவேட்டில் 'நேரடிச் சேர்க்கை' என்று எழுதினாள். இரண்டு பதிவேடுகளும் பொய் சொன்னதில் அன்றைக்கு யாருக்கும் எந்த வலியும் தெரியவில்லை. அக்கா கேட்டாள், தங்கை செய்தாள், அவ்வளவுதான்.

பிள்ளைகள் வெறுங்கையோடு வரவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அக்கா பள்ளியின் பெயர் அச்சடித்த தாள், அக்காவின் கையெழுத்து, தேதி. தேதி போடாமல் அக்காவுக்கு எதையும் எழுத வராது. 'இவனுக்கு எழுத்து தெரியும், சத்தமாகப் படிக்கச் சொன்னால் பயப்படுவான்.' 'இவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், யாரும் கவனிக்கவில்லை.' இப்படிப் பதினோரு சீட்டுகள். சின்ன டீச்சர் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, பள்ளியில் தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தாள். 

ஃபோன் அடித்தது. அக்காதான்.

"சின்னவளே, நானும் வரேன். கல்வி அதிகாரி வரச் சொல்லியிருக்காரு. உன் பிள்ளைங்களை எடுத்துக்கச் சம்மதமான்னு நான் சொல்லணுமாம்."

"என்ன சொல்லப் போற?"



"நேர்ல பேசிக்கலாம்." ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

"என்னவாம்?" என்றார் கணவர்.

"தெரியலை."

"காலையிலேருந்து நீ சொன்னதுலேயே இதுதான் தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குக் கிளம்பினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, ஆறின டீயை எடுத்துக்கொண்டுபோய்ச் சூடு பண்ணி வைத்துவிட்டுப் போனார்.

*

அதிகாரி இரண்டு மணிக்கு வர வேண்டியவர். பதினோரு மணிக்கே வந்துவிட்டார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய தும்மல் வந்தது. கடுமையான ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் அதே மூன்று சுற்றறிக்கைகள்.

"மூணாம் வகுப்புப் பதிவேட்டைக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"முன்பு படித்த பள்ளிங்கிற இடத்துல 'நேரடிச் சேர்க்கை'ன்னு போட்டிருக்கே. பதினோரு பேரும் நேரா மூணாம் வகுப்புக்கா வந்தாங்க?"

"ஆமா சார்."

"ஒண்ணும் ரெண்டும் எங்க படிச்சாங்க?"

"வீட்ல."

"பதினோரு பேருமா?"

"வேற வேற வீடு சார்" என்றாள் சின்ன டீச்சர். சொன்ன பிறகுதான் என்ன உளறினோம் என்று அவளுக்கே உறைத்தது.

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தும்மினார். அந்தத் தும்மல் முடிகிறவரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"உங்களைப் பிடிக்கணும்னு கேக்கலைம்மா. மூணாவது சுற்றறிக்கையில ஒன்பதாவது பத்தியை யாரும் படிக்கறதில்லை. நானே நேத்துதான் படிச்சேன்." தாளைத் திருப்பி அவளிடம் நீட்டினார். "தேர்வுக்கு முன்னால ஆறு மாசத்துக்குள்ள வேற பள்ளியிலேருந்து வந்த பிள்ளைங்களோட முடிவு, பழைய பள்ளிக் கணக்குலதான் சேரும். உங்க வகுப்புல முப்பது பேர். பதினோரு பேர்தான் தேறியிருக்காங்க. நூத்துக்கு நாற்பதாவது வேணும், வரலை. இந்தப் பதினோரு பேர்ல ஒருத்தர்கூடத் தேறலை. இவங்களை எடுத்துட்டா, பத்தொன்பதுல பதினொண்ணு. பாதிக்கு மேல. உங்க பள்ளிக்கூடத்தை யாரும் தொட முடியாது."

சின்ன டீச்சர் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாள். தனக்கு வந்தது சந்தோஷம்தான் என்று முதலில் நினைத்தாள்.

"அந்தப் பழைய பள்ளிக்கூடம் என்ன ஆகும் சார்?"

"அது அவங்க பாடு. இவங்க எங்கேருந்து வந்தாங்கன்னு காட்ட ஒரு தாள் இருந்தா நாலு மணிக்குள்ள குடுங்க. பதிவேட்டுல தப்பா எழுதினதுக்கு உங்ககிட்ட விளக்கம் கேப்பாங்க, அது தனி. நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். அதுக்கப்புறம் நானே நினைச்சாலும் முடியாது."

அவர் வகுப்புகளைப் பார்க்கப் போனதும், அவள் ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். அக்காவின் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் முப்பது பேர், தேறியவர்கள் பதினாறு பேர். பதினோரு பேரைக் கூட்டினால் நாற்பத்தொன்றில் பதினாறு. நூற்றுக்கு முப்பத்தொன்பது. இன்னொரு முறை போட்டாள். மறுபடியும் முப்பத்தொன்பதுதான் வந்தது. அந்த நாற்பதுக்கு ஒன்று குறைகிறது.

டப்பாவை நீட்டினால் அக்காவின் பள்ளி போகும். நீட்டாவிட்டால் தன் பள்ளி போகும். முன்னால் தெரியாமல் குழம்பினாள், இப்போது தெரிந்து குழம்பினாள். முதல் குழப்பமே தேவலை என்று தோன்றியது.

*

கூட்டத்துக்குப் பெற்றோர்கள் ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டீச்சர் முன்வரிசையில் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி வாசித்து முடித்ததும் ஒரு லாரி ஓட்டுநர் எழுந்தார்.

"சார், மூடறீங்களா, மூடலையா?"

"மேம்படுத்தறோம்."

"எங்க?"

"அங்க."

"அங்க மேம்படுத்தினா இங்க என்ன பண்ணுவீங்க?"

அதிகாரி தாளைப் பார்த்தார். "இங்க மூடுவோம்" என்றார்.

"அதைத்தானே கேட்டேன்?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அதிகாரி கையைத் தூக்கி அமர்த்தி, பெரிய டீச்சரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

பெரிய டீச்சர் எழுந்தாள். "எல்லாப் பிள்ளைங்களையும் எடுத்துக்க நான் தயார்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சின்ன டீச்சருக்குக் காது அடைத்துப்போனது. தயாராமே! தங்கையின் பள்ளியைக் காப்பாற்றச் சொல்லி ஒரு வார்த்தை பேசக் கூடாதா? கூடப் பிறந்தவள் குடி மூழ்கும்போது இத்தனை சுருக்கமாகவா பேசுவார்கள்? கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அது பொங்கி முடிவதற்குள் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. தையல் வேலை செய்கிற ஒரு அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"என் பொண்ணு அங்கேருந்துதானே இங்க வந்தா? 'உங்க பொண்ணு இங்க படிச்சா சரிப்படாது, தங்கச்சிகிட்ட சேருங்க'ன்னு இந்தப் பெரிய டீச்சர்தான் சொன்னாங்க. இப்ப திருப்பி அங்கேயே போன்னா, என் பொண்ணு என்ன பந்தா?"

 அதிகாரியின் பேனா நின்றது.

"நீங்க குடிபெயர்ந்து வந்தவங்களா?"

"நான் எங்க சார் குடிபெயர்ந்தேன்? பத்து வருஷமா அதே மாடிதான், அதே ஒழுகற குழாய்தான்."

"தாள் ஏதாவது இருக்கா?"

"வாய் இருக்கு, சொல்றேன்."

"வாய் வார்த்தை செல்லாதும்மா" என்றார் அதிகாரி. அதைச் சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அவர் சின்ன டீச்சரைப் பார்த்தார். சின்ன டீச்சர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபது. பெரிய டீச்சர் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

"கதவைச் சாத்து" என்றாள் அக்கா.

தலைமையாசிரியை அறை என்று பெயர்தானே தவிர, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டும். சின்ன டீச்சர் கதவைச் சாத்தினாள்.

"அந்தச் சீட்டெல்லாம் வச்சிருக்கியா?"

"எந்தச் சீட்டு?"

"நடிக்காதே. பிள்ளைங்ககிட்ட எழுதிக் குடுத்து அனுப்பினேனே, அது."

ஆக, பயந்துவிட்டாள். எத்தனை நிமிர்ந்து உட்கார்ந்தாலும் உள்ளுக்குள் அக்காவுக்கு உதறல்தான். சின்ன டீச்சருக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் இரக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"எல்லாத்தையும் அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன் அக்கா. நீ கவலைப்படாதே."

பெரிய டீச்சர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்."

"அடிப்பாவி. அதை வாங்கி அதிகாரி கையில நானே குடுத்துடலாம்னு வந்தேனே."

சின்ன டீச்சர் திருதிருவென்று விழித்தாள். கிழித்தாயிற்று என்று கேட்ட பிறகு வருகிற பெருந்தன்மையா இது? இல்லை, வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனதில் இருந்ததா? இனி ஆபத்தில்லை என்றால் யார் வேண்டுமானாலும் நல்லவராகலாம். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை. அப்படிப்பட்டவளாக இருந்தால்? நாற்பத்தாறு வருடமாகப் பார்க்கிற முகம், இன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்ப கூட்டத்துல ஏன் தயார்னு சொன்ன?"

"எடுத்துக்கறேன்னுதான் சொன்னேன். நல்லா பார்த்துக்குவேன்னு சொன்னேனா? என்னால முடியாதுன்னுதானே உன்கிட்ட அனுப்பினேன்?"

"இல்லை. உன் பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேர் வேணும்னு அனுப்பின. என்னை நீ குப்பைத்தொட்டின்னு நினைச்சுட்ட." சொல்லும்போதே சின்ன டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் இது தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது.

அக்கா மறுக்கவில்லை.

"அதுவும் இருந்துச்சு. பொய் சொல்லலை. முதல் ரெண்டு பிள்ளைங்களை அதுக்காகத்தான் அனுப்பினேன்." குரல் இறங்கிவிட்டது. "ஒரு மாசம் கழிச்சு அதுல ஒரு பையனைக் கடையில பார்த்தேன். பலகையில இருக்கிற எழுத்தைக் கூட்டிப் படிச்சுக்கிட்டு நின்னான். ரெண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் என்கிட்ட ஒரு வரி படிக்காதவன். அதுக்கப்புறம் அனுப்பினது வேற. உனக்குப் படிக்க வந்தப்போ என்ன வயசு, ஞாபகம் இருக்கா?"

"ஒன்பது."

"அதான். எனக்கு நாலு வயசுல வந்துடுச்சு. வராத பிள்ளையோட கஷ்டம் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

இது புகழ்ச்சியா, இடித்துக் காட்டுவதா? சின்ன டீச்சர் அதைக் கண்டுபிடிக்கும் வேலையை விட்டுவிட்டாள். சாவியை எடுத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்தாள். பிஸ்கட் டப்பாவை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

"கிழிக்கலை. பொய் சொன்னேன். இந்தா, நீயே வச்சுக்கோ. என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ."

பெரிய டீச்சர் மூடியைத் திறந்து பார்த்தாள். மேலே இருந்த ஒரு சீட்டை எடுத்துப் படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, டப்பாவை மூடி இடுக்கிக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

வெளியே தாழ்வாரம் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் கூடம், அதிகாரி. வலது பக்கம் போனால் வாசல், அக்காவின் வண்டி. மணி நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பின்னாலேயே வந்த சின்ன டீச்சர் நிலைப்படியில் நின்றாள்.

அக்கா இரண்டு பக்கமும் போகவில்லை. நடுவில் ஒரு சிறுமி நின்றுகொண்டிருந்தாள். தையற்கார அம்மாவின் மகள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள் என்று வகுப்பில் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்றே பெயர்.

"பெரிய டீச்சர்! எனக்கு இப்ப சேர்த்துப் படிக்க வருதே. படிச்சுக் காட்டவா?" பதிலுக்குக் காத்திருக்காமல், சுவரில் ஒட்டியிருந்த அரசு அறிவிப்பில் விரலை வைத்தாள். "பின்... தங்கிய பள்ளிகளை மேம்... படுத்தும் திட்டம். கீழ்க்கண்ட பள்ளி மூடப்... படுகிறது." திரும்பிச் சிரித்தாள். "சரியா டீச்சர்?"

"சரி" என்றாள் பெரிய டீச்சர். அந்த இரண்டு எழுத்தும் வெளியே வருவதற்குள் அவளுக்குப் பாடாகிவிட்டது.

"பின்தங்கினது யாரு டீச்சர்?"

பெரிய டீச்சர் சிறுமியின் அருகில் குனிந்தாள். கையிலிருந்த சீட்டைச் சிறுமியிடம் நீட்டினாள். "இதையும் படி, பார்க்கலாம். சத்தமா."

கேள்விக்குறி படித்தாள். "எழுத்து தெரியும். சேர்த்துப் படிக்க வராது. முதல் வரிசையில் உட்கார வை. நிறையக் கேள்வி கேட்பாள், அதட்டாதே. இவள் அப்படியே நீதான். அக்கா."

முதுகுக்குப் பின்னால் ஒரு தும்மல் கேட்டது. கூடத்தின் வாசலில் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். கைக்குட்டையைப் பையில் திணித்துவிட்டு, சிறுமியிடம் கையை நீட்டினார்.

"அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டும்மா."

சிறுமி இரண்டு டீச்சர்களையும் நிமிர்ந்து பார்த்தாள். "குடுக்கட்டுமா?"

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வந்தன.

"குடு" என்றது அக்காவின் குரல்.

"வேண்டாம்" என்றது இன்னொரு குரல். அது யாருடையது என்று சின்ன டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள். அது அவளுடைய குரல்தான்.